புகைபோக்கி நின்றால் போதுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில், மொனொங்கஹீலா ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் என்று ஓர் ஊர். உலகமே அறிந்த உருக்காலை ஊர். இன்று ஆலை இருந்த இடத்தில் சினிமா தியேட்டர், ஹோட்டல்கள், பெரிய பெரிய கடைகள். பக்கத்தில் வரிசையாக 12 செங்கல் புகைபோக்கிகள். கீழே ஆலை இல்லை. அது 1986-ல் மூடப்பட்டது. 1999-ல் வணிக வளாகம் வந்தது.

புகைபோக்கியை விட்டுவைத்தால் பாரம்பரியத்தைக் காப்பாற்றியதாகிவிடுமா?

1892-ல் அந்த ஆலையின் முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. நிர்வாகம் பார்த்தவர் ஹென்றி ஃப்ரிக். கூலியைக் குறைக்க வேண்டும், சங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஆலைக் கதவை அடைத்தார் ஃப்ரிக். ஜூலை 6 விடியற்காலை சுமார் 300 பிங்கர்டன் கூலிப்படையினர் படகுகளில் வந்து இறங்கப் பார்த்தார்கள். நாள் முழுக்கச் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்து குறைந்தது 10 பேர் செத்தார்கள். அடுத்து மாநில அரசின் படை வந்தது. ஆலைக்குக் காவலாக! கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். நவம்பரில் சங்கம் தோற்றது.

ஆறே வருடத்தில், 1898-ல், அதே ஊர் மேட்டில் கார்னகி பெயரில் பிரம்மாண்டமான நூலகம் திறக்கப்பட்டது. நீச்சல் குளம், இசை அரங்கம் எல்லாம் உண்டு. வள்ளல்தான், சந்தேகமில்லை. ஆனால் உலைக்கு முன்னால் 12 மணி நேரம் வெந்தவன் எந்த நேரத்தில் புத்தகம் படிப்பான்? அந்த 12 மணி நேர வேலை 1923 வரை ஒழியவில்லை.

செத்த தொழிலாளிகளுக்கு ஒரு நினைவுக்கல் வந்தது 1941-ல். வைத்தது கம்பெனி அல்ல, தொழிற்சங்கம். கொடுத்தவர் பெயருக்கு 6 வருடம், செத்தவர்களுக்கு 49 வருடம்!

"ஆலை போன ஊருக்குக் கடையாவது வேண்டாமா?" என்று கேட்பார்கள். தாராளமாக வேண்டும். பிழைப்பும் வேண்டும், வரி வருமானமும் வேண்டும். சங்கம் இயங்கிய போஸ்ட் கட்டடமும், சண்டை நடந்த இடத்துப் பம்ப் ஹவுஸும் இன்னும் நிற்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஷாப்பிங் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது புகைபோக்கி. அது அழகாக இருக்கிறது, ஃபோட்டோவுக்கு நிற்கிறது, யாரையும் சங்கடப்படுத்துவதில்லை. அதனால்தான் அது எல்லோருக்கும் பிடித்த பாரம்பரியம்.

செங்கல் பாரம்பரியம் இல்லை. எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் ஓர் ஊர் கொடுத்த விலைதான் பாரம்பரியம். அதைச் சொல்லாத புகைபோக்கி வெறும் அலங்காரத் தூண்!