ஜெயித்தவனே பணம் கட்டு!

ஜப்பானில் ஒரு வேடிக்கையான ஆட்டம் உண்டு. நண்பர்கள் ஓட்டலில் சாப்பிட்டு முடிப்பார்கள். பில்லுக்குப் பணம் கொடுப்பது யார்? கைகளை நீட்டி, கல், கத்தரி, காகிதம் என்று காட்டி விளையாடுவார்கள்.

தோற்றவன் அல்ல, ஜெயித்தவன்தான் பணம் கட்டவேண்டும்! கட்டும்போது முகம் சுளிக்கக்கூடாது. ஜெயித்ததற்காகச் சந்தோஷப்படவேண்டும்!

இதற்கு "ஒத்தோக்கோகி" ஆட்டம் என்று பெயர். "ஒத்தோக்கோ" என்றால் ஆண். "கி" என்றால் உள்ளம். பலம் உள்ளவன், கஷ்டப்படுகிறவனுக்காகத் தன் நஷ்டத்தைப் பாராமல் முன்வந்தால், அவனுக்கு அந்த உள்ளம் இருக்கிறது என்பார்கள்.

ஹிரோகி குரோதா என்ற பேஸ்பால் வீரர் அமெரிக்காவில் புகழோடு விளையாடினார். அங்கே அதிகப் பணம் தரக் காத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு, 2015-ம் ஆண்டில் ஹிரோஷிமாவில் உள்ள தன் பழைய குழுவுக்கே திரும்பினார். இந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஜப்பானியர் அவரைப் புகழ்ந்தார்கள்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். நாடும் உயிரும் போகும் என்றால்?

சிவகங்கைச் சீமையில் அது நடந்தது.

1801-ம் ஆண்டு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு இரண்டு ஆண்டு ஆகவில்லை. அவருடைய தம்பி ஊமைத்துரை, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் கட்டிப் போரிட்டார். மே மாதம் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கைக்கு வந்தார்.

மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். ஒப்படைக்கும்படி கும்பினியார் கேட்டார்கள். மருதுகள் மறுத்துவிட்டார்கள்.

"இதில் அரசியல் கணக்கு இருந்தது" என்று சொல்வோர் உண்டு. இருந்திருக்கலாம். வெள்ளையரை எதிர்க்கத் துணை வேண்டும்தான். ஆனால் கணக்கு மட்டுமே பார்த்திருந்தால், கோட்டையை இழந்து வந்தவரைவிடக் கும்பினியின் தயவு அல்லவா லாபம்?

அடைக்கலத்தின் அருமை மருதுகளுக்குத் தெரியும். 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியாரோடு மருதுகள் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனார்கள். அங்கே கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். எட்டு ஆண்டு கழித்து, ஹைதர் அலியின் உதவியோடு, 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டார். (ஜப்பானியர் "ஆண் உள்ளம்" என்கிறார்கள். தமிழில் "அடைக்கலம்" என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை!)

தாங்கள் பெற்றதைத்தான் மருதுகள் ஊமைத்துரைக்குக் கொடுத்தார்கள்.

போர் மூண்டது. அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவில் விழுந்தது. 24-ந் தேதி திருப்பத்தூரில் மருதுகள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, கடல் கடந்து பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டான்.

ஊமைத்துரையும் பிடிபட்டார். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் அவரையும் தூக்கிலிட்டார்கள். ஆனால் அவரை வெள்ளையர் தேடித்தான் பிடித்தார்கள். மருதுகள் ஒப்படைக்கவில்லை.