சவுண்ட் கார்டு மணிக்கு 5 ரூபாய், சனிக்கிழமை ராத்திரி மணிக்கு 700 ரூபாய்: இந்தக் கணக்கு ஏன் தப்பு?

பெங்களூருல ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 60,000 சொச்சம், பி.டி.எம். லேஅவுட்டில் ஷேரிங் ரூம். இப்படி ஒரு தம்பி வருமான வரி ரிட்டர்ன் போட என்கிட்ட வந்தப்போ, கூடவே ஒரு எக்செல் ஷீட்டையும் திறந்து காட்டினார். 12,000 ரூபாய்க்கு ஒரு சவுண்ட் கார்டு. தினம் 2 மணி நேரம், 3 வருஷம், மொத்தம் 2,190 மணி நேரம். அதாவது மணிக்கு ஏறக்குறைய அஞ்சரை ரூபாய். கீழே அடுத்த வரியில், சனிக்கிழமை நண்பர்களோட இந்திராநகர் போனால் 2,800 ரூபாய், 4 மணி நேரம். மணிக்கு 700. "அதனால வெளிய போறதை நிறுத்திட்டேன், கார்டு வாங்கப் போறேன்" என்றார்.

கணக்கில் பிழை இல்லை. முடிவுதான் தப்பு. யூடியூபில் பல பேர் சொல்லித் தர்ற 'ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு' என்ற இந்த ஃபார்முலாவை நம்பினால், நீங்க ரூமை விட்டு வெளியவே வர மாட்டீங்க. வீட்டில் சும்மா இருக்கிற எந்தப் பொருளும் அதில் ஜெயிச்சிடும்.

எங்க தொழிலில் இதை வேற மாதிரி பார்ப்போம். இன்கிரிமென்டல் காஸ்ட்: கூடுதலா கொடுக்கிற காசுக்குக் கூடுதலா என்ன கிடைக்குது? அந்த 2,190 மணி நேரப் பாட்டு சவுண்ட் கார்டு தர்றது இல்லை. உங்க கம்ப்யூட்டர் மதர்போர்டில் ஏற்கெனவே இருக்கிற ஆடியோ சிப் இன்னைக்கே அதைத் தந்துட்டு இருக்கு. 12,000 ரூபாயை வகுக்க வேண்டியது அந்த வித்தியாசத்தால மட்டும்தான்.

அந்த வித்தியாசம் எவ்வளவு? அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "என்ன ஹெட்ஃபோன்?" ப்ளூடூத். முடிஞ்சது கதை. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் டிஜிட்டல் சிக்னலைச் சத்தமா மாத்துற வேலை ஹெட்ஃபோனுக்குள்ளேயே நடக்குது. சவுண்ட் கார்டு அந்த வழியிலேயே வராது. 12,000 கொடுத்தாலும் 50,000 கொடுத்தாலும் காதுக்கு ஒரு மாற்றமும் இருக்காது. யூ.எஸ்.பி. ஹெட்செட்டுக்கும் இதே கதைதான்.

வயர் ஹெட்ஃபோன் வச்சிருக்கீங்களா? அப்போ பாட்டை நிறுத்திட்டு வால்யூமை ஏத்திப் பாருங்க. இரைச்சல் கேட்குதா? லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டுங்க. இரைச்சல் போயிட்டா சிக்கல் கரன்ட் வர்ற பக்கம் இருக்கு, அதுக்கு 12,000 தேவையில்லை. இரைச்சலே இல்லைன்னா, '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று பெட்டியில் போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. மனுஷக் காது கேட்கிறது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை; பழைய சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே அதுக்குத் தாராளம். கார்டு உண்மையில் வேலை செய்யற இடங்கள் இருக்கு. 250, 300 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போதுமான சத்தம் வரலைன்னா ஒரு ஆம்ப் வேணும். 48 வோல்ட் கேட்கிற கண்டென்சர் மைக்கில் குரல் பதிவு பண்றீங்கன்னா ஆடியோ இன்டர்ஃபேஸ் வேணும். என் வீடியோவுக்கு நானும் ஒண்ணு வச்சிருக்கேன். பாட்டு கேட்க மட்டும்னா, பெரும்பாலும் நல்ல ஹெட்ஃபோனில் போடுற காசுதான் காதில் கேட்கும்.

இப்போ சனிக்கிழமைக்கு வருவோம். ஊரை விட்டு வந்து, தெரியாத நகரத்தில் தனியா இருக்கிற 25 வயசுக்காரர் வாரத்துல ஒரு ராத்திரி நாலு பேரோட சிரிச்சுப் பேசறதை நான் வீண் செலவுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்க. அவர் கொண்டு வந்த ஒரு ராத்திரி செலவைப் பிரிச்சுப் பார்த்தோம். 8 மணியிலிருந்து 10 மணி வரை சாப்பாடு, ஒரு பீர், அரட்டை: 1,100 ரூபாய். அதுக்கப்புறம் இன்னொரு இடம், அங்கே நுழையறதுக்கே ஒரு கட்டணம், ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்காத சத்தம், திரும்பி வர டாக்ஸி: 1,700. "எது ஞாபகம் இருக்கு?" என்றேன். முதல் ரெண்டு மணி நேரம் என்றார்.

2024 ஆகஸ்டில் கர்நாடக அரசு பெங்களூரு பார்களுக்கு ராத்திரி 1 மணி வரை அனுமதி கொடுத்தது. அனுமதி இருக்குன்னு 1 மணி வரை உட்காரணும்னு யாரும் சட்டம் போடலை! வி.வி.புரம் திண்டி பீதியில் முந்நூறு ரூபாய்க்கு வயிறு நிறையும். ஜே.பி. நகர் ரங்க சங்கராவில் ராத்திரி ஏழரைக்கு நாடகம் இருக்கும் (லேட்டா போனா உள்ளே விட மாட்டாங்க). அதுவும் நைட் லைஃப்தான்.

பில்லைச் சமமாப் பிரிக்கிற பழக்கத்தையும் கவனிங்க. அஞ்சு பேர் பிரிச்சா, நான் கூடுதலா ஆர்டர் பண்ற 600 ரூபாய் டிரிங்க் எனக்கு வெறும் 120 ரூபாய்தான். மீதியை நீங்க கட்டுறீங்க. எல்லாரும் இப்படியே நினைச்சா பில் ஏறாம என்ன செய்யும்? சாப்பாட்டைப் பொதுவில் போட்டு, மதுவை அவங்கவங்க கணக்கில் போடச் சொல்லுங்க. பில்லையும் படிங்க: மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சாப்பாட்டுக்குத்தான். சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செஞ்சிருக்கு. நீக்கச் சொல்லித் தயங்காம கேளுங்க.

மாசம் 5,000 ரூபாயைத் தனி அக்கவுன்ட்டில் போட்டு, ராத்திரி வெளிய போறப்போ யூ.பி.ஐ.யில் அதை மட்டும் வச்சுக்கோங்க. கிரெடிட் கார்டு ரூமிலேயே இருக்கட்டும். ராத்திரி 11 மணிக்கு மேல மன உறுதியை நம்புறதை விட இது நல்லது.

கிளம்பும்போது தம்பி கேட்டார்: "கார்டு வாங்கினா வரியில் கழிக்கலாமா?" சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. சவுண்ட் கார்டு வாங்கினாலும் அதே 75,000, வாங்காட்டியும் அதே 75,000.