ஏறிய மலையும் வெட்டிய மலையும்

சிட்லபாக்கத்தில் உயரமான மாடி எதில் நின்று வடக்கே பார்த்தாலும் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் தெரியும். அவற்றைத் தாண்டிப் பரங்கிமலை. எல்லாம் ஒரே குடும்பத்துக் கல்தான். 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கருங்கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லும் இந்தப் பக்கத்துக் கல்தான் என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893இல் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். ஆக, நம் குன்றுகளை வெட்டி வெளியூர் அனுப்பும் வேலை முந்நூறு ஆண்டுப் பழையது.

கல் ஒன்றாக இருந்தும் குன்றுகளின் கதி ஒன்றாக இல்லை. திரிசூலத்தையும் பம்மலையும் குவாரிகள் குடைந்தெடுத்தன. பரங்கிமலை முழுசாக நிற்கிறது. தேவாலயமும் ராணுவக் குடியிருப்பும் அதைக் காத்தன என்பது உண்மை. ஆனால் அந்த மலைமேல் ஏறிப்போன கால்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சுமார் 300 அடி உயரம்தான். ஆனாலும் செங்குத்து. இயேசுவின் சீடர் தோமையார் இங்கே உயிர்நீத்தார் என்ற நம்பிக்கையில் போர்ச்சுகீசியர் 1523இல் உச்சியில் கோயில் எழுப்பினார்கள். 1547இல் மீண்டும் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. அடிவாரத்து வளைவிலும் அந்த ஆண்டுதான் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு, வந்தவர்கள் பாறையிலும் முள்ளிலும்தான் ஏறியிருக்க வேண்டும்.

படி போட்டவர் ஓர் ஆர்மீனியர். கோஜா பெட்ரஸ் உஸ்கான், மணிலா வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்தவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைச் சொந்தச் செலவில் கட்டியவரும் அவரே. பாலமும் படியும் ஒரே பயணத்தின் இரண்டு பகுதிகள். ஆற்றைக் கடக்க முடியாதவன் மலைக்கு எப்படி வருவான்? அந்த யோசனையைவிட என்னை அதிகம் தொடுவது இன்னொன்று. கட்டியதோடு கைகழுவாமல், பாலத்தையும் படிகளையும் பின்னாளில் பராமரிக்கவும் அவர் தனியாகப் பணம் ஒதுக்கிவைத்தார். திறப்பு விழாவுக்குக் கூடுகிற கூட்டம் பராமரிப்புக்குக் கூடாது என்பதை நம் ஊரின் ஒவ்வொரு பூங்காவிலும் நடைபாதையிலும் பார்க்கிறோம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் சாய மறுத்ததால் உஸ்கானின் சொத்து பறிபோயிற்று. 1751இல் இறந்தார். உடல் வேப்பேரியில், இதயம் மட்டும் பாரசீகத்து ஜுல்பாவில். பழைய பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. மலைப்படிகளில் இன்றும் ஏறுகிறார்கள், சிலுவைப் பாதையின் நிலைகளில் நின்று நின்று.

இந்த மலையடிவாரம் இன்னொரு நெடும்பயணத்துக்கும் தொடக்கம். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கிச் சங்கிலி பிடித்து அளந்தார். சுமார் ஏழரை மைல். இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று நாம் நெரிசலில் சிக்கித் தவிக்கும் பக்கம்தான். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவைதான் பிற்பாடு இமயத்தின் உயரத்தைச் சொன்னது. கண் எட்டும் தூரத்துக்குக் குன்றுகள் இருந்ததால் நடந்த வேலை அது. லாம்டனின் மார்பளவுச் சிலை மலையுச்சியில் இருக்கிறது.

மற்ற குன்றுகளிலும் பாதைகள் இருந்திருக்கும்: ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதைகள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியைச் செதுக்கியவர்களும் இந்தச் சரிவுகளில் அலைந்தவர்களே. அந்தப் பாதைகளுக்குப் படி போட யாரும் வரவில்லை, வெடிவைக்க வந்தார்கள். புறநகர் வளர வளர ஜல்லி வேண்டியிருந்தது. நம் வீடுகளின் கடைக்காலிலும் தளத்திலும் ஏதோ ஒரு குன்று கிடக்கிறது. மிஞ்சிய பள்ளங்களில் நீர் தேங்கி, குளிக்க இறங்கிய பிள்ளைகளைப் பலி வாங்கியிருக்கிறது. வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்து நகரமே குடித்ததும் நடந்தது.

நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிட்ட குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் குடியேறியிருக்கின்றன. சிட்லபாக்கத்திலிருந்து அது எட்டிவிடும் தூரம். ஆந்தைகளின் கூட்டுக்கு எட்டத்தில், பள்ளத்து விளிம்பில் கம்பி வேலியோடு ஒரு நடைபாதை அங்கே வேண்டும். திரிசூலத்தில் மிச்சமிருக்கும் சரிவுக்கும் ஒன்று வேண்டும். அதைப் போடும் வனத்துறையும் மாநகராட்சியும் கல் பதிக்கும் செலவோடு, ஆண்டுதோறும் முள் வெட்டவும் வேலி பழுதுபார்க்கவும் காவலுக்கு ஆள் வைக்கவும் ஆகும் தொகையை அதே ஆணையில் எழுதிவிட வேண்டும்.