மூன்றாவது முயற்சியும் அதன் பின்வந்த மாதங்களும்

2022 ஜூலை 30. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் ஆடவர் 55 கிலோ பளுதூக்குதல். மகாராஷ்டிரத்தின் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கர் ஸ்னாட்சில் 113 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க்கின் முதல் முயற்சியில் 135 கிலோவும் தூக்கித் தங்கத்தை நெருங்கியிருந்தார். இரண்டாவது முயற்சியில் 139 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது அவருடைய வலது முழங்கை நிலைகுலைந்தது. அடுத்து, காயமுற்ற அதே கையுடன், அதே 139 கிலோவுக்காக மீண்டும் மேடையேறினார். அதுவும் கைகூடவில்லை. மலேசியாவின் அனிக் கஸ்தான் 142 கிலோ தூக்கி, மொத்தம் 249 கிலோவுடன் தங்கம் வென்றார். சர்கரின் மொத்தம் 248. வலது கையைக் கட்டுக்குள் தொங்கவிட்டபடியே வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் நாடு கொண்டாடியது அந்த மூன்றாவது முயற்சியைத்தான். வலியை மதிக்காத வீரன், விழுந்தும் எழுந்த இளைஞன் என்று புகழுரைகள் குவிந்தன. சர்கரின் துணிவு மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் அந்தத் துணிவை ரசித்தவர்கள், முழங்கை நிலைகுலைந்த 21 வயது இளைஞர் ஒருவர் ஏன் மறுபடியும் எடைக்கம்பியை நோக்கி நடக்க வேண்டியிருந்தது என்று கேட்கவில்லை. சாங்லியில் வெற்றிலைப் பாக்குக் கடை நடத்தும் ஒருவரின் மகனுக்கு வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையில் இருப்பது ஒரு கிலோ மட்டுமன்று. பரிசுத் தொகை, வேலை, உதவித்தொகை, அடுத்த முகாமுக்கான அழைப்பு ஆகிய அனைத்தும் பதக்கத்தின் நிறத்தைப் பார்த்தே அளந்து தரப்படும் நாட்டில், மூன்றாவது முயற்சியைத் தவிர்ப்பது வசதி படைத்தவர்களுக்கே இயலும் விவேகம்.

அதன்பின் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு விரைந்து செயற்பட்டது. முழங்கை அறுவை சிகிச்சை பிரிட்டனிலேயே நடைபெற 30 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அதைக் குறைகூற எதுவுமில்லை. குறை அந்த ஒதுக்கீட்டின் இலக்கணத்தில் இருக்கிறது. அந்தத் தொகை காயத்துக்குக் கிடைத்ததா, பதக்கத்துக்குக் கிடைத்ததா? அதே முழங்கை, அதே ஆண்டில், ஏதேனும் ஒரு மாவட்டப் போட்டியில், பெயர் தெரியாத ஒரு கல்லூரி மாணவருக்கு விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளூர் எலும்பு மருத்துவர், ஒரு மாவுக்கட்டு, அப்பாவின் கடன், பிறகு மௌனம்.

அறுவை என்பது முதல் நாள் மட்டுமே. கிழிந்த தசைநாரைத் தைத்தோ, உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாணை அங்கே பொருத்தியோ மருத்துவர் தம் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுவார். பொருத்தப்பட்ட அந்த இழை உயிருள்ள தசைநாராக உருமாற மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் கடக்கும். முழங்கை மற்ற மூட்டுகளைவிடப் பிடிவாதமானது. அசையாமல் வைத்திருந்தால் இறுகிவிடும், அவசரமாக அசைத்தால் தையல் தளரும். கீல் வைத்த பட்டையை அணிந்து, முதலில் சில பாகை, அடுத்த வாரம் இன்னும் சில பாகை என்று அளந்து அளந்து விரிக்க வேண்டும். பிறகு வெறுங்கை, பிறகு ரப்பர் பட்டை, பிறகு வெற்றுக் கம்பி. 135 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திய ஒருவர், தேநீர்க் குவளையை நடுக்கமின்றித் தூக்குவதைச் சாதனையாகக் கருத வேண்டிய நாட்கள் அவை. இதை ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் பார்த்துச் சொல்லும் வேலையல்ல இது.

பளுதூக்குதலில் இந்தப் பாகைக் கணக்குக்குத் தனிப் பொருள் உண்டு. தலைக்கு மேலே கை முழுமையாக நீள வேண்டும். மடங்கி நீண்டால் நடுவர்கள் அந்த முயற்சியை ஏற்பதில்லை. உடற்குறையால் கையை முழுதாக நீட்ட இயலாதவர் அதை நடுவர்களிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆக, சரியாக மீட்கப்படாத முழங்கை என்பது சட்டை பொத்தான் போடுவதில் ஏற்படும் சிறு இடைஞ்சலோடு நிற்பதில்லை. விளையாட்டு வாழ்வே ஐந்து பாகையில் முடிந்துபோகலாம்.

மீட்சிக்கு நேரமும் ஆளும் தந்தால் என்ன நிகழும் என்பதற்கு மணிப்பூரின் மீராபாய் சானுவே சாட்சி. முதுகுக் காயத்தால் 2018 ஆசியப் போட்டிகளைத் தவறவிட்டவர் அவர். 2020இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, தோளிலும் முதுகிலும் நீடித்த தொல்லையின் மூலத்தைத் தேடி நிபுணர்களின் கண்காணிப்பில் உழைத்தார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை படைத்தார். அதே ஆண்டு டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி வென்றார். இந்த வரலாற்றை மன உறுதியின் கதையாகச் சொல்வதே வழக்கம். மன உறுதி அவரிடம் 2018இலும் இருந்தது. இடையில் சேர்ந்தவை தகுந்த நோயறிதல், பொறுமையான பயிற்சி, அதற்கான பணம் ஆகியன. ஆயினும் அவர் அப்போதே உலகச் சாம்பியன். அந்த வாய்ப்பு அவரைத் தேடி வந்த வழியும் பதக்கத்தின் வழிதான்.

இந்த விவாதத்தில் பல்கலைக்கழகங்கள் தப்பித்துக்கொள்கின்றன. அவற்றை அப்படி விட்டுவிடக் கூடாது. சர்கர் கோல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற மாணவர். 2020இல் புவனேசுவரத்தில் நடந்த முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் தங்கம் வென்றவர். இந்தியப் பளுதூக்குதலின் பெரும்பகுதி கல்லூரி விடுதிகளிலிருந்தும் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்தும் எழுந்து வருவது. அந்தப் பதக்கங்களை உயர்கல்வி நிறுவனங்கள் எவ்வளவு கவனமாக எண்ணிக்கொள்கின்றன என்பதை நாக் மதிப்பீட்டுக்கு ஆவணம் தயாரித்த எந்தப் பேராசிரியரும் அறிவார். ‘மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்’ என்ற ஐந்தாம் அளவுகோலின்கீழ் விளையாட்டில் பெற்ற விருதுகளுக்கும் பதக்கங்களுக்கும் மதிப்பெண் உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையும் பதக்கக் கணக்கில்தான் வழங்கப்படுகிறது. மாணவரின் உடல் நிறுவனத்துக்குப் புள்ளிகள் ஈட்டித் தருகிறது. அந்த உடல் உடைந்தால் அதைச் செப்பனிட்டமைக்கு எந்த அளவுகோலிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ‘ஆதரவு’ என்ற சொல் மட்டும் தலைப்பில் கம்பீரமாக நிற்கிறது.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். பல்கலைக்கழகத்துக்காகப் போட்டிக்குச் சென்ற நாட்கள் பணி நாட்களாகக் கருதப்பட்டு வருகை வழங்கப்படுகிறது. அதே போட்டியில் காயமுற்று அறுவை செய்துகொண்டு படுக்கையில் கிடந்த நாட்கள் பெரும்பாலான இடங்களில் வெறும் மருத்துவ விடுப்பு. காய்ச்சலில் படுத்தவருக்கும் அவருக்கும் வேறுபாடில்லை. 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விண்ணப்பம், சான்றிதழ், அபராதம், துறைத்தலைவரின் கையொப்பம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் நிலை இன்னும் மோசம். கட்டணச் சலுகையும் விடுதி இடமும் தொடர்ந்து போட்டியிடுவதையே பெரும்பாலும் சார்ந்திருப்பதால், ஓராண்டு ஓய்வு என்பது அவர் கணக்கில் ஓராண்டுக் கட்டணம். ஆறாம் மாதமே அவர் கம்பியைப் பிடிப்பது அறியாமையால் அன்று.

உடற்கல்வித் துறைகளைப் பற்றியும் ஒரு சொல். ‘தேர்ந்தெடுக்கப்பட்ட உடற்திறன் மாறிகளின்மீது’ ஏதேனும் ஒரு பயிற்சியின் விளைவை ஆராயும் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இந்த நாட்டில் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. பன்னிரண்டு வாரப் பயிற்சி, முன்தேர்வு, பின்தேர்வு, குறிப்பிடத்தக்க வேறுபாடு. அந்த மாறிகளுக்கு உடலைக் கொடுத்த மாணவர்களில் எத்தனை பேருக்கு, எந்த மூட்டில், எந்த மாதத்தில் காயம் ஏற்பட்டது என்ற எளிய பதிவேடு பக்கத்து அறையில் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆய்வுக்குத் தரவு கிடைக்கவில்லை என்று புலம்பும் துறையின் கண்முன்னால் தரவு நொண்டிக்கொண்டு போகிறது.

கண்காணிப்பற்ற மீட்சியின் விளைவு மூட்டோடு முடிவதுமில்லை. 2022 ஜனவரி முதல் குளுக்கோகார்டிகாய்டு மருந்துகளை எந்த வகை ஊசியாகச் செலுத்திக்கொண்டாலும் போட்டிக் காலத்தில் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைக்கு உட்படுகிறது. மூட்டு வலிக்குத் தெருமுனை மருத்துவர் சர்வசாதாரணமாகப் போடும் ஊசி இதுவே. சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்றொரு வழி இருக்கிறது என்பதையோ, போட்டிக்கு எத்தனை நாள் முன்பு ஊசியை நிறுத்த வேண்டும் என்பதையோ அந்த மாணவருக்குச் சொல்ல யாருமில்லை. நாளை அவர் மாதிரியில் அது தென்பட்டால், ‘இந்திய இளைஞர்களின் ஊக்கமருந்து மோகம்’ பற்றித் தலையங்கம் எழுத ஆள் இருப்பார்கள்.

எதிர்வாதங்கள் புதியவையல்ல. காயம் விளையாட்டின் இயல்பு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது முதலாவது. ஆலையில் விரலை இழப்பதும் ஆலையின் இயல்புதான் என்று ஒருகாலத்தில் சொல்லப்பட்டது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேலையின் போக்கில், வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு என்றது. ரயில்வேயிலோ ராணுவத்திலோ பணிபுரியும் வீரருக்கு, தேய்ந்த அளவிலேனும், சாய்ந்துகொள்ள ஒரு சுவர் உண்டு. மாணவ வீரர் யாருக்காகத் தூக்கினார் என்று கேட்டால் பல்கலைக்கழகம், மாநிலம், நாடு என்று மூவரும் சட்டையில் இருக்கிறார்கள். காயத்தின் பொறுப்பேற்க மூவரில் ஒருவரும் இல்லை.

இரண்டாவது வாதம் பணம். இதற்கான விடை ஆய்விலக்கியத்திலேயே இருக்கிறது. பளுதூக்குதலில் ஆயிரம் மணி நேரப் பயிற்சிக்குச் சுமார் 2 முதல் 4 காயங்கள் என்பதே பொதுவாகக் காணப்படும் கணக்கு. மோதல் நிறைந்த கால்பந்து போன்றவற்றைவிட இது குறைவு. முதுகு, தோள், முழங்கால் என்று காயம் விழும் இடங்களும் முன்பே தெரிந்தவை. எண்ணிக்கையில் குறைந்த, முன்கூட்டியே கணிக்கக்கூடிய ஒரு செலவைத் தாங்க இயலாது என்று சொல்லும் நிறுவனம், வெற்றி விழாப் பதாகைக்கும் மேடைக்கும் ஒவ்வோர் ஆண்டும் செலவிடுகிறது. கேலோ இந்தியா திட்டத்தில் சேர்ந்தவருக்குக் காப்பீடு உண்டே என்பார்கள். உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உண்டு. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு வீரர் நல நிதியும் உண்டு; அது அடிப்படையில் வறுமையில் வாடும் சிறந்த வீரர்களுக்கான நிதி. முதலில் சிறந்தவராக வேண்டும், பிறகு வறியவராக வேண்டும், அதன் பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். வேறொரு சிக்கலும் உண்டு. சர்கர் வெள்ளி வென்ற 55 கிலோ பிரிவு பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை. ஒலிம்பிக் பதக்க வாய்ப்பையே அளவுகோலாகக் கொண்ட நிதியமைப்பில், ஒருவருடைய உடல் எடையே அவர் மீட்சியின் மதிப்பைத் தீர்மானித்துவிடக்கூடும்.

கேட்கப்படுபவை பெரியவை அல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு காயப் பதிவேடு. விளையாட்டுக் காயத்தின் அறுவைக்குப் பின்வரும் மாதங்களைப் போட்டி நாட்களைப் போலவே கருதும் வருகை விதி. மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரை கட்டணச் சலுகையும் விடுதியும் பறிக்கப்படாது என்ற உறுதி. உடற்பயிற்சிக் கூடத்தில் இன்னொரு இயந்திரம் வாங்குவதற்கு முன்பாக ஒரு முழுநேரப் பிசியோதெரபிஸ்ட். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளுக்கு நிரப்பப்படும் தகுதிப் படிவம் பிறந்த தேதியையும் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஆண்டையும் தவறாமல் கேட்கிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் அறுவை செய்துகொண்டீர்களா, மீண்டும் எடை தூக்கலாம் என்று யார் சொன்னார் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்ப்பதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.