கீழே விழுந்த சாணைக்கல்லை மாட்டலாமா?

கேள்வி: ‘‘பழைய சாமான் கடையில் பெஞ்ச் கிரைண்டர் ஒன்று வாங்கி மோட்டார் ரூமில் வைத்திருக்கிறோம். அருவாள், மண்வெட்டி, கோடாரி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் அதில்தான் சாணை பிடிக்கிறார். போன வாரம் கல் மாற்றும்போது புதுக்கல் கைதவறி சிமென்ட் தரையில் விழுந்துவிட்டது. வெளியே கீறல் எதுவும் தெரியவில்லை. ‘மாட்டலாம்’ என்கிறார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்று, முன்பு மாதக்கணக்கில் கூர் நின்ற திருப்பாச்சேத்தி அருவாள், இப்போது இரண்டே நாளில் மழுங்கிவிடுகிறது. ஏன்?’’
- ஒரு வாசகி, கல்லல், சிவகங்கை மாவட்டம்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சோதித்துப் பார்க்காமல் அந்தக் கல்லை மாட்ட வேண்டாம்.

கிரைண்டர் என்றாலே எல்லோரும் தீப்பொறிக்குத்தான் பயப்படுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, ஓடும்போது கல் உடைந்து சிதறுவது. 6 அங்குலக் கல், நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் மோட்டாரில் மாட்டப்பட்டால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. துண்டு தெறித்தால் எதிரே நிற்பவரின் முகத்துக்கோ நெஞ்சுக்கோதான் வரும்.

இந்தக் கல் பாறையில் வெட்டியதல்ல. பொடி மணிகளைப் பிணைப்புப் பொருளோடு சேர்த்து அழுத்தி, சூளையில் சுட்டெடுத்தது. (அந்தக் காலத்துச் சாணைக்காரர்கள் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்தார்கள். ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். இன்றைய கல்லிலும் பெரும்பாலும் அதே பொருள்தான், ஆலையில் செய்தது.) சுட்ட பொருள் என்பதால் மண்பானையின் குணம் இதற்கும் உண்டு. விரிசல் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால் தெரியும். மானாமதுரைப் பானையை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோமே, அதே சோதனைதான்.

கல் ஈரமோ எண்ணெயோ இல்லாமல் இருக்கட்டும். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிடுங்கள். ஸ்குரூ டிரைவரின் பிடியால் விளிம்புக்குச் சற்று உள்ளே நான்கு இடத்தில் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. ஓர் இடத்தில் ‘டொக்’கென்று கேட்டாலும் அந்தக் கல் ஆகாது. சும்மா தூக்கிப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். உடைத்துப் போடுங்கள். என்னைக் கேட்டால், சத்தத்தில் லேசாகச் சந்தேகம் வந்தாலும் புதுக்கல் வாங்குவதுதான் மேல்.

மாட்டும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கல்லில் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கை மோட்டாரின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வட்டக் காகிதம் இருக்கட்டும். இடப்பக்க நட்டு எதிர்த்திசையில் கழலும், தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். மேல்மூடி இல்லாமல் ஓட்டவே கூடாது. அருவாளை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தீக்குச்சிக் கனத்தைவிடச் சற்றுதான் கூட. அதற்கு மேல் போனால் கருவி உள்ளே இழுக்கப்பட்டுக் கல் உடையும். சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். கல்லின் பக்கவாட்டு முகத்தில் தீட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அது கூடாது. தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, துணிக் கையுறை எதுவும் வேண்டாம். பக்கத்தில் வைக்கோலோ பெட்ரோல் கேனோ இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

இனி அருவாள் விஷயம். கூர் நிற்பது கொல்லர் கொடுத்த துவைச்சலால். பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, பதம் பார்த்து எடுத்த இறுக்கம் அது. கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு ஊதா, அப்புறம் மயில்கழுத்து நீலம். நீலம் வந்த இடத்தில் துவைச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் அருவாளின் விளிம்பைப் பாருங்கள், அந்த நிறம் இருக்கும். அதைத் தேய்த்து மறைப்பதால் பலன் இல்லை. குறுகலாக இருந்தால் அந்தப் பகுதி போகும் வரை கைக்கல்லில் தீட்டலாம். அகலமாக இருந்தால் பட்டறையில் கொடுத்து மறுபடி துவைக்க வேண்டியதுதான்.

இனிமேல் அழுத்தாமல் மூன்று நான்கு நொடி பிடித்து, தண்ணீரில் முக்கி, மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் டப்பா சுவிட்சுக்குத் தள்ளி இருக்கட்டும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட வேண்டாம், எர்த் இணைப்பும் சரியாக இருக்க வேண்டும். கிரைண்டரில் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசிக் கூரைக் கைக்கல்லில் எடுப்பது அருவாளுக்கு நல்லது. மண்வெட்டிக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை.

கண்ணாடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பார்வைக்குப் போடும் கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். இரும்புத் துகள் விழுந்துவிட்டால் கசக்குவது, சேலை நுனியால் எடுப்பது, விளக்கெண்ணெய் விடுவது எதையும் செய்யாதீர்கள். கருவிழியில் பதிந்த துகள் ஓரிரு நாளில் துருப்பிடித்துக் கறை படியும். உறுத்தல் குறைந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ போகலாம்.

கதிர் அறுக்கும் கருக்கரிவாளை மட்டும் கிரைண்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம், பல் அத்தனையும் போய்விடும். அதைப் பட்டறையில் கொடுத்து கருக்கு வெட்டி வாங்குங்கள்.