மரத்துப்போன இரண்டு விரல்கள்!

மேலூருக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஆடு குறுக்கே வந்தது. திருச்சியிலிருந்து கிளம்பி விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி என்று எங்கேயும் நிறுத்தாமல் வந்திருந்தேன். பின்னால் மனைவி. பிரேக் பிடிக்கக் கையை நீட்டினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் என் பேச்சைக் கேட்கவில்லை. லிவரைத் தொட்டது தெரிந்தது, எவ்வளவு அழுத்துகிறேன் என்பது தெரியவில்லை. கால் பிரேக்தான் காப்பாற்றியது. ஆடு தப்பியது, நாங்களும் தப்பினோம்.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியதும் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "ஏங்க, கை மரத்துப்போனது எத்தனை நாளா?"

உண்மையைச் சொன்னால், ஆறு மாதமாக. 'வயசு 54 ஆச்சு, இதெல்லாம் சகஜம்' என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இனிமே மதுரைக்கு பஸ்ஸுல போயிக்கலாம்" என்று அவர் சொன்னபோதுதான், இது விரல் பிரச்னை இல்லை, வண்டியே போய்விடும் பிரச்னை என்று உறைத்தது.

டாக்டர் என் முழங்கையின் உள்பக்கம் ஒரு தட்டு தட்டினார். சுர்ரென்று கரன்ட் அடித்த மாதிரி சுண்டு விரல் வரை ஓடியது. "இதுதான் அல்நார் நரம்பு. உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமா உள்ளே போகுது. குனிஞ்சு, உடம்பு பாரத்தைக் கையில் ஊன்றி, மணிக்கணக்கா அதிர்வையும் வாங்கினா மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மரத்துப்போகும்" என்றார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டு வழியாகப் போகும் வேறு நரம்பு. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகாமல் இருந்தாலோ, பிடிமானம் குறைந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை அளவையும் பார்த்துவிட வேண்டும். எனக்கு சர்க்கரை இல்லை. குனிவதுதான் காரணம்.

குனிவது எப்படி மாறும் என்பதற்கு ராயல் என்ஃபீல்டின் இரண்டு வண்டிகளே நல்ல உதாரணம். இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் 2018-ல் சேர்ந்தே வந்தவை, இரண்டிலும் ஒரே இன்ஜின். முதலாவதில் அகலமான, உயர்ந்த ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரலாம். இரண்டாவதில் முன் ஃபோர்க்கிலேயே கவ்வியிருக்கும் தாழ்வான கைப்பிடிகள். குனிந்தே ஆக வேண்டும். இன்ஜினை மாற்றாமல் கை வைக்கும் இடத்தை மட்டும் மாற்றினாலே உடம்பு வேறு மாதிரி உட்கார்கிறது.

ஹேண்டில்பாருக்கும் அதைத் தாங்கும் கிளாம்புக்கும் நடுவே வைக்கும் அலுமினியக் கட்டைதான் ரைசர். பாரைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மோதிரம் மாதிரி சின்னப் பொருள். ஆன்லைனில் பார்த்ததுமே, 'எவ்வளவு உயரமோ அவ்வளவு சுகம்' என்று நினைத்து 50 மி.மீ. ரைசரை ஆர்டர் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலன் கீயை எடுத்து நானே மாட்டியும்விட்டேன். உட்கார்ந்து பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது!

மறுநாள் காலை. வாசலில் ஸ்டார்ட் செய்து, தெருவில் திருப்புவதற்காக ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தேன். நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. இன்ஜின் தானாக உறுமியது. முதல் கியரில் இருந்த வண்டி எகிறி, எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டியது. மனைவி பூக்கூடையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம் கழித்து நடந்திருந்தால் அவர் பின்சீட்டில் இருந்திருப்பார்.

வண்டியை உருட்டிக்கொண்டே பாலக்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் திட்டவில்லை. ஹேண்டிலை மறுபடி இடது பக்கம் ஒடித்து, விறைத்துப்போய் நின்ற ஆக்ஸிலேட்டர் கேபிளை விரலால் சுண்டிக் காட்டினார். "சார், பாரைத் தூக்குனீங்க. கேபிள் அதே நீளம்தானே இருக்கு? திருப்பும்போது பத்தாமப் போயி அதுவே ஆக்ஸிலேட்டரை இழுக்குது."

ரைசரைக் கழற்றிவிட்டு, என்னை வண்டியில் உட்கார வைத்தார். சென்டர் ஸ்டாண்ட் போட்டிருந்தது. "கண்ணை மூடுங்க. தோளைத் தளர்த்தி, கையை எங்க வைக்கணும்னு தோணுதோ அங்க நீட்டுங்க. இப்ப கண்ணைத் திறங்க." என் கை, கைப்பிடிக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தேவை. நான் வாங்கியதோ அதைவிட அதிகம்.

அடுத்து அவர் செய்தது காசே இல்லாத வேலை. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பாரையே என் பக்கம் லேசாகச் சுழற்றினார். பிறகு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வரும்படி பிரேக், கிளட்ச் லிவர்களைச் சாய்த்தார். அதிலேயே மணிக்கட்டு மடங்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது. ரைசர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும்.

எனக்குக் கொஞ்சம் குறை இருந்ததால் 25 மி.மீ. ரைசர் போட்டார். வண்டியின் ஸ்டீயரிங் தண்டு பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், 25 மி.மீ. தூக்கினால் பார் சுமார் 10 மி.மீ. நம் பக்கமும் வரும். உயரம், தூரம் இரண்டுமே குறையைத் தீர்க்கும்.

மாட்டி முடித்ததும் பாய் என்னை வைத்தே சோதனை செய்ய வைத்தார். நீங்களும் செய்யுங்கள்.

ஹேண்டிலை இடம், வலம் கடைசி வரை ஒடியுங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர் எதுவும் விறைக்கக் கூடாது, எதிலும் நசுங்கக் கூடாது. பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு அதேபோல் ஒடியுங்கள். சத்தம் துளி ஏறினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. கேபிள் போகும் வழியை மாற்றிப் பார்க்க வேண்டும்; முடியாவிட்டால் நீளமான கேபிள் போட வேண்டும். பிரேக் ஹோஸ் எட்டவில்லை என்றால் அதை இழுத்துக் கட்டி ஒப்பேற்றவே கூடாது. நீளமான ஹோஸ் மாற்றி, பிரேக் ஆயிலில் காற்று எடுக்க வேண்டும். அது மெக்கானிக் வேலை.

முழுக்க ஒடிக்கும்போது கட்டை விரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டுகிறதா என்றும் பாருங்கள்.

போல்ட்டில் சிக்கனம் வேண்டாம். ரைசர் உயரத்துக்கு ஏற்ப நீளமான போல்ட் வேண்டும். பழைய போல்ட் எத்தனை சுற்று உள்ளே இறங்கியதோ, அதற்குக் குறையக் கூடாது. தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் பொறித்த போல்ட்டாக இருக்கட்டும். மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் பார் சுழலும், அதிகமானால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். 100 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் வாரன்டியில் உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிடமும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

உயரம் கூடினால் சுகம் கூடிக்கொண்டே போகும் என்றும் இல்லை. அதிகம் நிமிர்ந்தால் காற்று நெஞ்சில் அறையும். கையால் பாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டிவரும். கையிலிருந்து இறங்கிய பாரம் இடுப்பில் உட்காரும். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம்.

போன மாதம் மறுபடி மதுரைக்குக் கிளம்பினோம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். விராலிமலையில் டீ, கொட்டாம்பட்டியில் இளநீர். ஒவ்வொரு இடத்திலும், "சுண்டு விரலை மடக்கிக் காட்டுங்க" என்று கேட்டார். மேலூர் தாண்டியும் மடக்கிக் காட்டினேன்.

இருந்தாலும், வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நான் ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்துக் காட்டும் வரை அவர் வண்டியில் ஏறுவதில்லை. அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.