கொழுப்புக் கலந்த ஊசி கூடுமா?

 

மருந்தில் கொழுப்புச் சேர்ந்துள்ளது என்று கேள்விப்பட்டதும் "எந்தப் பிராணியின் கொழுப்பு?" என வினவுவது நம் இல்லங்களில் வழக்கம். தேவையான வினாவே. விடை தெரியுமுன் மருந்தை மறுத்துவிடுவதுதான் தவறு.

2021 மே மாதத்தில், கருப்புப் பூஞ்சையை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. அப்போது நாடெங்கும் தட்டுப்பாடான மருந்து 'லைப்போசோமல் ஆம்போடெரிசின்-பி'. பழைய ஆம்போடெரிசின் பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் வருத்தும். அதனையே நுண்ணிய கொழுப்புக் குமிழின் சுவரில் பதித்துச் செலுத்தினால் அத்தீங்கு பெரிதும் குறைகிறது.

அதென்ன குமிழ்? காஞ்சியில் பட்டு நூலைச் சோப்பு நீரில் காய்ச்சிப் பசை போக்குவதை அறிவீர்கள். சோப்பின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். பாஸ்போலிப்பிட் எனும் கொழுப்பும் அத்தகையதே. நீரில் இட்டால் இரட்டை அடுக்குச் சுவர் கொண்ட உருண்டையாகத் தானே மூடிக்கொள்ளும். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்ஹாம் இதனைக் கண்டறிந்தார். நம் ஒவ்வோர் உயிரணுவுக்கும் அல்லாஹ் அமைத்த சுவரும் இவ்வகைக் கொழுப்பாலானதே!

இம்மருந்து உடலில் நெடிது தங்குவதால் இன்னொரு பயனும் உண்டு. பீகாரின் முஸஃபர்பூரில் காலா அசார் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. பழைய மருந்தை 29 நாட்கள் மருத்துவமனையில் தங்கி 15 முறை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. குமிழ் மருந்தை ஒரேமுறை ஏற்றிக்கொண்டவர்கள் மறுநாளே வீடு திரும்பினர். குணமும் ஏறத்தாழ அதே அளவு. கூலி வேலை செய்பவருக்கு இது எத்துணை பெரிய ரஹ்மத்!

இக்குமிழ்ச் சுவரின் பிரதானக் கொழுப்பு சோயாவிலிருந்து பெறப்படுவது. வேறு சில மருந்துகளில் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கிறார்கள்.

பன்றி பற்றிய வினா மெய்யாகவே எழுவது வேறிடத்தில். குறைமாதச் சிசுவின் நுரையீரல் விரிவதற்காக, இதே இனக் கொழுப்பு மூச்சுக்குழாய் வழியே செலுத்தப்படுகிறது. 'போராக்டன்ட்' பன்றியின் நுரையீரலிலிருந்தும், 'பெராக்டன்ட்' மாட்டின் நுரையீரலிலிருந்தும் எடுக்கப்படுபவை. (கோயில்கள் நிறைந்த நம் ஊரில் அண்டை வீட்டாருக்கு இரண்டாவதுதான் சங்கடம்!) மாட்டிலிருந்து எடுத்தது கிடைத்தால் அதனைக் கேளுங்கள். கிடைக்காவிடில், நிர்ப்பந்த நிலைக்குச் சலுகை தரும் அல்பகரா 173ஆம் வசனத்தின் அடிப்படையில் மற்றதும் கூடும் என்பதே உலமாக்கள் பலரின் தீர்ப்பு. பிறந்த சில மணி நேரத்துக்குள் தரவேண்டிய மருந்து இது. ஆகவே, குறைப்பிரசவ அபாயம் உண்டெனச் சொல்லப்பட்ட கர்ப்பிணியின் வீட்டார், தங்கள் மருத்துவமனையில் எந்த வகை இருக்கிறது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.